இழுக்காத கதை! இறங்கி வந்த சட்டம்!

படக்கொட்டகையிலிருந்து வெளியே வரும் பாட்டாளியை நிறுத்தி, "படம் எப்படியப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். ஒளியும் நிழலும் உறவாடும் அழகைப் பற்றி அவன் உபந்நியாசம் செய்யமாட்டான். ஒரே சொல்லில் தீர்ப்பு வழங்கிவிடுவான். "இழுக்கலே!" என்பான், இல்லாவிட்டால், "ஒரே இழுவை!" என்பான். வழக்கு முடிந்தது. அதற்கு மேல் அப்பீல் கிடையாது!

கலைப் பண்டிதர்கள் இதைக் கேட்டு இளநகை புரிவர். 'பாமரன்! அவனுக்கு வேண்டியது பரபரப்பு. கலை நுட்பம் அவனுக்கு எங்கே தெரியப்போகிறது?' என்பர். தெரியும், தோழர்களே, தெரியும்! அந்த ஒற்றைச் சொல்லுக்குள்ளே ஒரு பெரிய உரிமைப் போரே அடங்கியிருக்கிறது.

எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் நமக்கு! 1886இல் சிகாகோ நகரத் தொழிலாளர் ரத்தம் சிந்திக் கேட்டது இதைத்தானே! 1923 மே முதல் நாள், சென்னையிலே சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும் இந்த உணர்வோடுதானே! அப்படிப் போராடிப் பெற்ற மூன்றாவது எட்டிலே, பஸ்ஸுக்கு நின்றது போக, ரேஷனுக்கு நின்றது போக, பிள்ளையின் பள்ளிக்கூடக் கணக்கைப் பார்த்தது போக, தொழிலாளிக்கு மிஞ்சுவது இரண்டு மணி. முதலாளிக்கு விற்காத இரண்டு மணி. அதை ஒருவன் வாங்கிக்கொண்டு, அரை மணியில் சொல்லக்கூடிய கதையை ஜவ்வாக இழுத்தால், அது களவல்லாமல் வேறென்ன? கூலியில் குறைத்தால் கொடி பிடிக்கிறோம். நேரத்தில் குறைத்தால் கொட்டாவி விட்டுவிட்டுச் சும்மா இருக்கிறோம்!

வீட்டுத் தொலைக்காட்சியைத் திருப்பினால் கேட்கவே வேண்டாம். மாமியார் மாடிப்படியில் கால் வைப்பது திங்கட்கிழமை. கடைசிப் படியில் இறங்குவது வெள்ளிக்கிழமை! ஒருத்தி ஒரு சொல் சொல்வாள். சுற்றி நிற்கும் ஒன்பது பேர் முகத்தையும் காமிரா மும்முறை முட்டிவிட்டு வரும். பேரிகை முழங்கும். 'இவர்களுக்கு ஒரு தரம் சொன்னால் விளங்காது' என்ற எண்ணம்தான் இழுவைக்குத் தாய். ஆகவே இழுவை என்பது நம் நேரத்தை மட்டும் திருடுவதல்ல. நம் அறிவையும் பழிப்பதாகும்.

அப்படியானால், இழுக்காத கதை எப்படி இருக்கும்? மூன்றைச் சொல்கிறேன். ஒன்று அமெரிக்கா தந்தது. இரண்டு பிரிட்டன் தந்தவை. மூன்றும் முதலில் தொலைக்காட்சிக்கென்றே எழுதப்பட்டவை. மூன்றும் உழைப்பாளியின் அறிவை மதித்தவை. மூன்றில் ஒன்று, ஒரு நாட்டின் பாராளுமன்றத்தையே பதறி எழச் செய்தது!

பூட்டிய அறைக்குள்ளே புயல்

விறுவிறுப்பு என்றதும் பலர் நினைப்பது ஓட்டத்தை. கார் கவிழ வேண்டும், கட்டடம் எரிய வேண்டும், கதாநாயகன் கூரைக்குக் கூரை தாவ வேண்டும் என்று எண்ணுகிறார்கள். ஒரே அறை, அறையில் ஒரு நீண்ட மேசை, மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு நாற்காலி, ஓடாத மின்விசிறி. இதை வைத்துக்கொண்டு ஒருவர் விறுவிறுப்பைக் காட்டினார் என்றால் நம்புவீர்களா?

ரெஜினால்ட் ரோஸ் என்ற எழுத்தாளர் நியூயார்க்கில் ஒரு கொலை வழக்கில் ஜூரியாக அமர்ந்தார். அந்த அனுபவம் அவரை உலுக்கிற்று. எழுதினார் 'ட்வெல்வ் ஆங்ரி மென்' என்ற நாடகத்தை. சினம் கொண்ட பன்னிரண்டு பேர்! 1954 செப்டம்பர் 20 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் அது அரங்கேறிற்று. நேரடி ஒளிபரப்பு, தோழர்களே! வசனம் தவறினால் திரும்ப எடுக்க முடியாது. கடிகார முள் ஒரு மணியைத் தொடுவதற்குள், விளம்பரத்துக்கும் இடம் விட்டு, கதையை முடித்தாக வேண்டும். அந்த நெருக்கடியிலே வேண்டாத சொல் தானாக உதிர்ந்தது. ஏற்றக்காரன் ஒரு சால் நீரையும் வீணாக்கமாட்டான். அதுபோல எழுதினார் ரோஸ்.

1957இல் அது திரைப்படமாயிற்று. தொலைக்காட்சியில் தொழில் பழகிய சிட்னி லூமட்டுக்கு அதுதான் முதல் படம். ஹென்றி ஃபோண்டா நடித்தார். ரோசுடன் சேர்ந்து தயாரிப்பாளராகவும் நின்றார். 96 நிமிடம் ஓடும் படம். அதில் ஏறத்தாழ மூன்று நிமிடம் தவிர மற்றெல்லாம் அந்த ஜூரி அறையும் அதையொட்டிய கழிப்பறையும்தான்!

கதை என்ன? பதினெட்டு வயதுச் சேரிப் பையன். தந்தையைக் குத்திக் கொன்றான் என்று குற்றச்சாட்டு. குற்றவாளி என்று பன்னிரண்டு பேரும் ஒருமுகமாகச் சொன்னால் மின்சார நாற்காலி. விசாரணை முழுதும் முடிந்த பிறகுதான் படமே தொடங்குகிறது. கவனியுங்கள்! வேறொருவர் எடுத்திருந்தால் கொலையைக் காட்டியிருப்பார். கைது, சிறை, தாயின் கண்ணீர் என்று ஒரு மணி நேரம் ஓட்டியிருப்பார். இங்கோ, சலிப்போடு பேசும் நீதிபதி, கலங்கிய கண்களோடு ஒரு பையன் முகம், பிறகு கதவு பூட்டப்படும் ஓசை. அவ்வளவுதான்! நாமும் பதின்மூன்றாவது ஆளாக உள்ளே பூட்டப்பட்டு விடுகிறோம்.

முதல் வாக்கெடுப்பு. குற்றவாளி என்பவர் 11 பேர். இல்லை என்பவர் ஒருவர். அவர்கூட, 'பையன் நிரபராதி' என்று சொல்லவில்லை. 'ஓர் உயிரைப் பற்றி முடிவு செய்யுமுன் கொஞ்சம் பேசலாமே' என்கிறார். அவ்வளவுதான் அவர் கேட்டது! அந்த ஒற்றை ஆளின் 'பேசலாமே' எப்படிப் பதினோரு பேரின் 'பேசாதே'யை வெல்கிறது என்பதுதான் கதை.

பெயின்டருக்குத் தெரிந்தது வக்கீலுக்குத் தெரியவில்லை

நம் தோழர்கள் இதிலே கூர்ந்து காண வேண்டியது ஒன்றுண்டு. ஹென்றி ஃபோண்டா ஏற்ற பாத்திரம் கட்டடக் கலைஞர், படித்தவர், வெள்ளைக் கோட்டு அணிந்தவர். அவர் கேள்வி எழுப்புகிறார். ஆனால் சாட்சியத்தை உடைக்கும் உளி யார் கையில் இருந்து வருகிறது?

எதிர் வீட்டுப் பெண் சொன்ன சாட்சியம், மேலே ஓடும் ரயிலின் கடைசி இரண்டு பெட்டிகளின் ஜன்னல் வழியே கொலையைக் கண்டேன் என்பது. கீழ் வீட்டுக் கிழவர் சொன்னது, 'கொன்று விடுவேன்' என்று பையன் கத்தியது காதில் விழுந்தது என்பது. இரண்டையும் தனித்தனியே பார்த்தால் இரும்புச் சுவர். சேர்த்துப் பார்த்தால்? ரயில் தடதடக்கும்போது குரல் எப்படிக் கேட்கும்? ரயில் பாதையருகே குடியிருந்தவர் யாரேனும் உண்டா என்று வினா எழுகிறது. பதில் தருபவர் யார் தெரியுமா? வீட்டுக்கு வர்ணம் அடிக்கும் தொழிலாளி! 'இப்போதுதான் ரயில் பாதையை ஒட்டிய வீட்டில் மூன்று நாள் வேலை பார்த்தேன். அந்தச் சத்தத்தில் எதுவும் கேளாது' என்று அவர்தான் உறுதிப்படுத்துகிறார்.

பட்டன் கத்தி விவகாரம் வருகிறது. காயம் மேலிருந்து கீழாக இறங்கியிருக்கிறது. அப்படிக் குத்த முடியுமா? குத்த முடியாது, அந்தக் கத்தியைப் பிடித்துப் பழகியவன் கீழிருந்து மேல் நோக்கியே குத்துவான் என்று செய்து காட்டுபவர், சேரியிலே பிறந்து வளர்ந்த இளைஞர். சற்று முன்புதான் 'சேரிப் பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான்' என்று அவர் முகத்துக்கு நேரே இழித்துப் பேசினார்கள்! இழித்துரைத்த சேரியின் அறிவுதான் இறுதியில் ஓர் உயிரைக் காக்கிறது. அந்தப் பெண்ணின் மூக்கில் இருந்த மூக்குக் கண்ணாடித் தழும்பைக் கவனித்தவரோ, அறையிலேயே வயது முதிர்ந்தவர். 'கிழவர்' என்று அலட்சியப்படுத்தப்பட்டவர்.

அரசு வழக்கறிஞருக்கும் எதிர் வழக்கறிஞருக்கும் விளங்காதது, வர்ணத் தொழிலாளிக்கும் சேரி இளைஞருக்கும் முதியவருக்கும் விளங்கிற்று! இதைச் சொல்ல ஒரு சொற்பொழிவு உண்டா படத்திலே? இல்லை. நாம் சொல்லிக்கொள்ள விட்டிருக்கிறார்கள். அதுதான் மதிப்பு. அதுதான் விறுவிறுப்பு! பார்ப்பவன் மூளை வேலை செய்யும்போது கடிகாரம் கண்ணில் படாது.

வெறி பிடித்த ஒருவர் சேரி மக்களை ஏசத் தொடங்கும் கட்டம் ஒன்று. பதிலுக்கு அடுக்குமொழியில் ஒருவர் விளாசுவார் என்று எதிர்பார்ப்போம். ஒவ்வொருவராக எழுந்து மேசையை விட்டு விலகி, அவருக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். குரல் தேய்கிறது, தளர்கிறது, அடங்குகிறது. மேடைப் பேச்சிலேயே காலம் கழிக்கும் நம்மைப் போன்றோர் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ள வேண்டிய காட்சி அது. சில நேரங்களில் முதுகு, நாவைவிட நன்றாகப் பேசும்!

டைரக்டர் லூமட் ஒரு தந்திரம் செய்தார். தொடக்கத்தில் காமிராவைத் தலைக்கு மேலே நிறுத்தினார். நடுவில் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்தார். கடைசியில் அதற்கும் கீழே இறக்கினார். லென்ஸையும் சிறிது சிறிதாக மாற்றினார். சுவர்கள் நெருங்கி வருவது போலவும், கூரை தலையில் இறங்குவது போலவும் நமக்கு மூச்சு முட்டுகிறது. ஏன் முட்டுகிறது என்று தெரிவதில்லை. வித்தை தெரியாமல் வேலை செய்வதே வித்தை!

இத்தனைக்கும், படம் அந்நாளில் வசூலில் தோற்றது. 1957இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடிப் பரிசு பெற்றது. மூன்று பிரிவுகளில் ஆஸ்கார் போட்டிக்குப் போய், வெறுங்கையோடு திரும்பியது. இன்று? சட்டக் கல்லூரியிலே காட்டுகிறார்கள். அன்று கொட்டகையை நிரப்பிய எத்தனையோ படங்களின் பெயரே மறந்துபோயிற்று, இது நிற்கிறது.

காத்தி கேட்ட கேள்வி

அமெரிக்க அறையிலிருந்து லண்டன் வீதிக்கு வருவோம். 1966 நவம்பர் 16, புதன்கிழமை இரவு. பி.பி.சி. தொலைக்காட்சியில் 'காத்தி கம் ஹோம்' என்ற நாடகம். எழுதியவர் ஜெரமி சாண்ட்ஃபோர்ட். டைரக்டர் கென் லோச். ஏறத்தாழ 1 கோடி 20 லட்சம் பேர் அன்று பார்த்தனர்.

காத்தி என்ற இளம்பெண். கணவன் ரெஜ் லாரி ஓட்டுபவன். நல்ல சம்பளம், நல்ல வாடகை வீடு, நெஞ்சு நிறைய ஆசை. விபத்து நேருகிறது; வேலை போகிறது; வீடு போகிறது. மாமியார் வீடு, அங்கிருந்து வேறு வாடகை வீடு, அங்கிருந்து சக்கரம் வைத்த வண்டி வீடு, அங்கிருந்து இடிந்த கட்டடம், அங்கிருந்து ஆதரவற்றோர் விடுதி. விடுதியிலே கணவனுக்கு இடமில்லை! கடைசியில் ரயில் நிலையத்து பெஞ்சியில், கதறக் கதற, பிள்ளைகளை அதிகாரிகள் பிடுங்கிச் செல்கின்றனர்.

ஒவ்வொரு படியிலும் காத்தி ஒரு தவறும் செய்யவில்லை. அதுதான் அந்நாடகத்தின் கூர்மை. வில்லன் இல்லை, மீசை முறுக்கும் ஜமீன்தார் இல்லை. படிவம் இருக்கிறது, விதி இருக்கிறது, 'நான் என்ன அம்மா செய்ய முடியும்' என்கிற குமாஸ்தா இருக்கிறார். காமிராவைத் தோளில் சுமந்து உண்மைத் தெருக்களிலே எடுத்ததால், இது நாடகமா, செய்திப் படமா என்று பார்த்தவர்கள் திகைத்தனர். ஒரு குடும்பம் நொறுங்க ஆண்டுகள் ஆகும். அதை ஒன்றேகால் மணி நேரத்துக்குள் காட்டினார்கள். அவசரம் தெரியவில்லை, சரிவு தெரிந்தது.

அந்த டிசம்பர் முதல் நாள், வீடற்றோருக்காக 'ஷெல்டர்' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. முன்பே திட்டமிட்டதுதான், ஆனால் நாடகம் மூட்டிய அனல் அதற்குக் காற்றாயிற்று. பத்திரிகைகள் எழுதின. பாராளுமன்றத்திலும் பேசினர். சரி, வீடற்ற குடும்பங்களுக்கு இடம் தர வேண்டியது உள்ளாட்சியின் கடமை என்ற சட்டம் எப்போது வந்தது? 1977இல்! பதினோரு ஆண்டுகள், தோழர்களே. ரயில் நிலையத்தில் பிரிந்த பிள்ளை வளர்ந்து பெரியவனாகும் காலம்!

இதை நினைவில் வையுங்கள். இனி மூன்றாவது நாடகம்.

'உனக்கு மட்டும்தான் இப்படி!'

2024 ஜனவரி 1 முதல் 4 வரை, நான்கு இரவுகள். ஐ.டி.வி. என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் 'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்'. பேட்ஸ் என்ற தனி மனிதர் ஒரு பக்கம். தபால் இலாகா மறுபக்கம். எழுதியவர் குவினத் ஹியூஸ். டைரக்டர் ஜேம்ஸ் ஸ்ட்ராங். பேட்ஸாக நடித்தவர் டோபி ஜோன்ஸ். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தனர்.

நடந்த கதை அது. பிரிட்டனில் சிற்றூர்த் தபாலாபீசை நடத்துபவர் பெரும்பாலும் சம்பளக்காரர் அல்லர். சொந்தப் பணம் போட்டு, மளிகைக் கடையோடு சேர்த்து நடத்தும் சப்‑போஸ்ட்மாஸ்டர்கள். 1999 முதல் அவர்கள் மேசையில் 'ஹொரைசன்' என்ற கம்ப்யூட்டர் கணக்கு முறை வந்து உட்கார்ந்தது. அது கணக்கில் துண்டு விழுவதாகக் காட்டிற்று. நூறு, ஆயிரம், பல்லாயிரம் பவுண்டு! துண்டு விழுந்தால் சப்‑போஸ்ட்மாஸ்டர்தான் ஈடு கட்ட வேண்டும் என்றனர். சேமிப்பைக் கொடுத்தனர், வீட்டை அடகு வைத்தனர். கொடுக்க முடியாதவர்மீது திருட்டு வழக்கு, பொய்க்கணக்கு வழக்கு. 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். கருவுற்றிருந்த பெண்ணும் சிறை சென்றார். குறைந்தது 13 பேர் இதன் விளைவாக உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்று, விசாரணைக் குழு 2025 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

திருடியது யார்? எவருமில்லை. பிழை கம்ப்யூட்டரில்!

இதை நாடகமாக்குவது எளிதா? இருபது ஆண்டுக் கதை. கதாநாயகன் ஒரு கணக்குப் புலி, குரல் உயர்த்தாதவர். எதிரி ஒரு கம்ப்யூட்டர், அதற்கு முகமில்லை. ஆவணங்களோ மலை மலையாக. 'இதை எவன் பார்ப்பான்?' என்று சொல்லியிருப்பார்கள் நம் ஊர்ப் பட முதலாளிகள். ஆசிரியை என்ன செய்தார்? கம்ப்யூட்டர் பாடம் நடத்தவில்லை. ஜோ ஹாமில்டன் என்ற கிராமத்துக் கடைக்காரப் பெண்மணியை நம் முன் உட்கார வைத்தார். கணக்கில் இரண்டாயிரம் பவுண்டு குறைகிறது. உதவி நிலையத்துக்குப் போன் செய்கிறார். அவர்கள் சொன்னபடி ஒவ்வொரு பொத்தானாக அழுத்துகிறார். கண் முன்னே, இரண்டாயிரம் நான்காயிரமாகிறது! ஒரு நிமிடக் காட்சி. அந்த ஒரு நிமிடத்தில் வழக்கு முழுதும் விளங்கிவிட்டது. இனி எந்தச் சீமான் வந்து 'எங்கள் இயந்திரம் பிழை செய்யாது' என்றாலும் பார்ப்பவன் நம்பமாட்டான். ஏனென்றால் அவன் பார்த்துவிட்டான்!

அதைவிடக் கூர்மையான ஒன்று உண்டு. போன் செய்த ஒவ்வொருவரிடமும் இலாகா சொன்னது ஒரே வாக்கியம்: 'வேறு யாருக்கும் இப்படி நேரவில்லை, உங்களுக்கு மட்டும்தான்.' தொழிற்சங்கத் தோழர்களுக்கு இந்த வாக்கியம் புதிதா? மில்லில் கேட்டிருக்கிறோம், பணிமனையில் கேட்டிருக்கிறோம். 'எல்லாரும் ஒழுங்காக வேலை செய்கிறார்கள்; உனக்கு மட்டும் என்ன குறை?' ஆயிரம் பேரை ஆயிரம் தனியறையில் அடைக்கும் பூட்டு அந்த வாக்கியம்.

அந்தப் பூட்டை உடைக்கும் காட்சிதான் நாடகத்தின் உயிர். வேல்ஸ் நாட்டு லாண்டுட்னோவில் தபாலாபீஸ் நடத்தி, 2003இல் அதைப் பறிகொடுத்த ஆலன் பேட்ஸ், ஒரு சிற்றூர் மன்றத்தைப் பேசி வைக்கிறார். 2009ஆம் ஆண்டு. ஊர் ஃபென்னி காம்ப்டன். நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. யாராவது வருவார்களா? ஒரு கார் வருகிறது. தயங்கித் தயங்கி ஒருவர் இறங்குகிறார். இன்னொருவர். இன்னும் ஒருவர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். 'உங்களுக்குமா?' பேரிகை இல்லை, முழக்கம் இல்லை. கிளைக் கூட்டத்துக்கு நாற்காலி போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக் காத்திருந்த அனுபவம் உள்ள எந்தத் தோழனுக்கும் அங்கே கண் கலங்காமல் இராது.

கதை மேலும் பாய்கிறது. சங்கப் பிரதிநிதி ஒருவர் 2008இல் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறார். ஊரிலுள்ள தபாலாபீஸ் கணக்கை அங்கிருந்தபடியே மாற்ற முடியும் என்பதைக் கண்ணால் காண்கிறார். 'முடியவே முடியாது' என்று இலாகா சாதித்து வந்த விஷயம் அது! மறுநாளே அவர் மனைவி நடத்திய தபாலாபீசில் தணிக்கை. 44,000 பவுண்டு குறைவு என்று கணக்கு! கற்பனை என்றால் 'அளவுக்கு மீறிய கற்பனை' என்போம். நடந்தது, தோழர்களே!

ஐந்து நாளா? இருபது ஆண்டா?

கடைசிப் பகுதி ஒளிபரப்பானது ஜனவரி 4. தபால் இலாகாவின் முன்னாள் தலைவி பெற்ற அரசு விருதைப் பறிக்கக் கோரி பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். ஜனவரி 9 அன்று, திருப்பித் தருவதாக அவரே அறிவித்தார். ஜனவரி 10 அன்று பிரதமர் ரிஷி சுனக், தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்கச் சட்டம் வரும் என்று பாராளுமன்றத்தில் சொன்னார். 2024 மே 24 அன்று சட்டமாயிற்று. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து எங்கும் ஹொரைசன் கணக்கால் வந்த தண்டனைகளை ஒரே வீச்சில் ரத்து செய்தது பாராளுமன்றம். ஸ்காட்லாந்து தனக்கெனத் தனிச் சட்டம் இயற்றிற்று. அவ்வாண்டே பேட்ஸுக்கு 'சர்' பட்டமும் வந்தது.

காத்திக்குப் பதினோரு ஆண்டு. பேட்ஸுக்கு ஐந்து மாதம்கூட ஆகவில்லை. ஏன் இந்த வேறுபாடு?

நாடகத்தின் தரமா? இரண்டும் தரமானவை. பார்த்தோர் தொகையா? இரண்டும் கோடியைத் தாண்டியவை. தேர்தல் நெருங்கிய ஆண்டு என்பதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் முதற்காரணம் வேறு.

காத்தி கற்பனைப் பாத்திரம். அவளைப் போன்றோர் ஆயிரமாயிரம் பேர்; ஆனால் பட்டியல் இல்லை, தலைவர் இல்லை, சங்கம் இல்லை. பேட்ஸ் பக்கமோ, 2009இலேயே சங்கம் கண்டவர்கள் இருந்தனர். 555 பேர் சேர்ந்து வழக்குத் தொடுத்தனர். ஹொரைசன் பிழையற்றது என்ற இலாகாவின் வாதம், பூமி தட்டை என்று இந்நூற்றாண்டில் சாதிப்பதற்கு ஒப்பு என்று 2019இல் நீதிபதி கூறினார். 5 கோடியே 77 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு இழப்பீடு ஒப்புக்கொள்ளப்பட்டது. வழக்குச் செலவு போக, பாதிக்கப்பட்டோர் கைக்கு வந்தது ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம்தான்! 2021 ஏப்ரலில் ஜோ ஹாமில்டன் உட்பட 39 பேரின் தண்டனையை மேல்முறையீட்டு மன்றம் ரத்து செய்தது. பத்திரிகைகளும் ஆண்டுக்கணக்கில் எழுதியே வந்தன. உண்மை முழுதும் வெளியே கிடந்தது. ஆனால் ஊர் திரும்பிப் பார்க்கவில்லை. நாடகம் ஊரின் முகத்தைத் திருப்பிற்று. முகம் திரும்பியபோது, அங்கே சங்கம் நின்றுகொண்டிருந்தது! பெயரோடு, கணக்கோடு, கோரிக்கையோடு நின்றுகொண்டிருந்தது.

ஆகவே, 'ஐந்து நாளில் நாடகம் சாதித்தது' என்போர் பாதியைத்தான் சொல்கிறார்கள். இருபது ஆண்டு அடுக்கிய விறகின்மீது நான்கு இரவு நெருப்பு விழுந்தது. விறகில்லாமல் நெருப்பு மட்டும் விழுந்திருந்தால், காத்தியின் கதைதான். நெருப்பில்லாமல் விறகு மட்டும் கிடந்திருந்தால், இன்னும் எத்தனை ஆண்டோ!

நமக்கு இது புதுப்பாடமா? அண்ணாவின் 'வேலைக்காரி' 1949இலும், கலைஞர் வசனம் தீட்டிய 'பராசக்தி' 1952இலும் திரைக்கு வந்தபோது, 'கூத்தாடிகள்' என்று நம்மை ஏசினர். 'கூத்தாடி நாடாள முடியுமா?' என்று எள்ளி நகையாடினர். 1967 விடை சொல்லிற்று. ஆனால் கொட்டகை மட்டுமா அந்த விடையை எழுதியது? கொட்டகையில் கைதட்டியவன் வெளியே வந்தால், தெருக்கோடியில் ஒரு படிப்பகம் இருந்தது. மூங்கில் தட்டியும் ஒரு பெஞ்சியும் நான்கு நாளேடும் இருந்தன. வசனம் மூட்டிய சினத்தை வாங்கி வைக்க ஒரு பாத்திரம் இருந்தது. அதனால்தான் அது சிந்திப் போகவில்லை.

எனவே தோழர்களே, நல்ல நாடகத்தைத் தேடிப் பாருங்கள். பிறமொழி என்று ஒதுக்காதீர்கள். வர்ணத் தொழிலாளியின் அறிவும், துண்டு விழுந்த கணக்கின் கண்ணீரும் எந்த மொழியிலும் விளங்கும். இழுத்தால் பெட்டியை அணையுங்கள். அது உங்கள் இரண்டு மணி! இழுக்காமல் ஓடினால், பார்த்து முடித்ததும் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்துப் பேசுங்கள். நம் ஆலையிலே, நம் தெருவிலே, 'உனக்கு மட்டும்தான் இப்படி' என்று சொல்லப்பட்டவன் எவன் என்று விசாரியுங்கள். அவன் ஒருவனாக இருக்கமாட்டான்.

விசாரித்த பிறகு, மன்றத்தைத் திறந்து நாற்காலியைப் போடுங்கள். முதல் நாள் மூவர்தான் வருவர். போடுங்கள்!